தோற்றுக்கொண்டே இருக்கும் டீமின் ரசிகர்களுக்கு: கல்லூரிக் கால்பந்து கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (சாக்கர் அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஃபுட்பால்) தொடர் தோல்வி பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் இருந்துகொண்டு பல சீசன்களை ஸ்டேடியத்தில் உட்கார்ந்தே பார்த்தவன் நான். அதனால் என் உதாரணங்கள் எங்கள் நெப்ராஸ்கா பல்கலைக்கழக டீம் பக்கம்தான் சாயும். ஒரு வேண்டுகோள்: வீரர்களைப் பெயர் சொல்லித் திட்டும் கேள்விகளை எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர்களில் பெரும்பாலோர் 18 முதல் 22 வயதுப் பிள்ளைகள்.

பிலடெல்ஃபியா, பென் ஸ்டேட் பழைய மாணவர்: சார், 2025 சீசனை நாட்டின் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் தொடங்கினோம். அக்டோபர் பாதிக்குள் கோச்சே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. என்னதான் நடந்தது?

ஓரிகனிடம் இரண்டு ஓவர்டைம் வரை போய் 30-24 என்று தோற்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தத் தோல்வியிலிருந்து டீம் எழவில்லை என்பதுதான் சிக்கல். அடுத்த வாரம், அதுவரை நான்கு ஆட்டத்திலும் தோற்றிருந்த யுசிஎல்ஏவிடம் 42-37. அதற்கடுத்த வாரம் சொந்த ஊரில் நார்த்வெஸ்டர்னிடம் 22-21. மறுநாளே கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கிவிட்டார்கள்.

ஆனால் மூன்று தோல்விக்காக மட்டும் அவர் வேலை போகவில்லை. பென் ஸ்டேட்டில் அவர் கணக்கு 104 வெற்றி, 45 தோல்வி. முந்தைய சீசனில் பிளேஆஃப் (நாட்டின் பட்டத்துக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள்) அரையிறுதி வரை போனவர். அதே மனிதர் முதல் பத்து இடங்களுக்குள் இருந்த டீம்களுடன் ஆடியதில் ஜெயித்தது 4, தோற்றது 21. பத்து வருடமாக உள்ளே புழுங்கிய கோபம் அந்த மூன்று வாரத்தில் வெளியே வந்தது. ஓரிகன் ஆட்டத்தின்போதே அவரை நீக்கச் சொல்லிக் கூட்டம் கோஷம் போட்டது.

கோச்சை நீக்கினால் மறுவாரமே ஜெயித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதையும் பாருங்கள்: நார்த்வெஸ்டர்ன் ஆட்டத்தில் அடிபட்ட குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) சீசனே முடிந்துபோனது. கோச் போன பிறகும் ஐயோவா, ஓஹையோ ஸ்டேட், இந்தியானா என்று தோல்வி தொடர்ந்து ஆறானது. அதில் ஐயோவாவிடம் ஒரே புள்ளி, இந்தியானாவிடம் மூன்று புள்ளி. டீம் மோசமானது என்று இதற்கு அர்த்தமில்லை. உடைந்துபோன டீம், அவ்வளவுதான்.

டல்லஸ் வாசகர்: பைஅவுட் என்கிறார்களே, நீக்கப்பட்டவருக்கு ஏன் அத்தனை கோடி?

கோச்சின் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் பாக்கியோ அதற்கான சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துத்தான் அனுப்ப முடியும். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-இல் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது அந்தத் தொகை ஏறத்தாழ 76 மில்லியன் டாலர். ஃபிராங்க்ளினுக்குச் சுமார் 49 மில்லியன் வரவேண்டியிருந்தது. அவர் வர்ஜீனியா டெக்கில் வேலைக்குச் சேர்ந்ததும் அது 9 மில்லியனாகக் குறைந்தது. புது வேலை கிடைத்தால் பழைய இடம் தரவேண்டியது குறையும் என்று சில ஒப்பந்தங்களில் விதி இருக்கும். எல்லாவற்றிலும் இருக்காது.

நல்ல சீசன் ஒன்று முடிந்ததும், வேறு யாரும் கோச்சைக் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது என்ற பயத்தில் ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து நாம் கத்துகிறோம், அவர்கள் பணத்தை எண்ணி வைக்கிறார்கள். கோபப்படுவதானால் அந்தக் கையெழுத்து நாளிலேயே படுங்கள்.

நியூ ஜெர்சி வாசகர்: நடுவர்கள் எங்கள் டீமுக்கு எதிராகத்தானே ஊதுகிறார்கள்?

இல்லை.

டல்லஹாசி, ஒரு மாணவரின் தாயார்: ஐயா, என் மகன் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் படிக்கிறான். 2023-இல் 13-1 (13 வெற்றி, 1 தோல்வி), அடுத்த வருடமே 2-10. ஆட்டம் முடிந்தால் அறையைச் சாத்திக்கொள்கிறான். ஒரே டீம் இப்படி விழுமா?

அம்மா, பெயர்தான் ஒன்று. 2023-இல் ஆடியவர்களில் பத்துப் பேர் அடுத்த ஏப்ரலில் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் போய்விட்டார்கள். அந்த டீமே டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக, மற்ற கல்லூரிகளிலிருந்து மாறி வந்த நல்ல வீரர்களை நம்பிக் கட்டியது. 2021-க்குப் பிறகு ஒரு முறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்காரவேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு போய்விட்டது. அதனால் ஒரே வருடத்தில் மேலே ஏறவும் முடியும். ஆனால் அப்படி வந்தவர்கள் கிளம்பும்போது, கீழே இரண்டு மூன்று வருடமாக வளர்த்து வைத்த பையன்கள் இருக்க மாட்டார்கள். 2024-இல் மறுபடி போர்ட்டலிலிருந்தே குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள், கை கொடுக்கவில்லை. டப்ளினில் ஜார்ஜியா டெக்கிடம் 24-21 என்று தோற்றுத் தொடங்கிய சீசன் அது.

இன்னொரு காயமும் இருந்தது. 2023-இல் ஒரு தோல்வியும் இல்லாமல் ஏசிசி (அவர்கள் ஆடும் கான்ஃபரன்ஸ், அதாவது கல்லூரி டீம்களின் லீக்) பட்டம் வாங்கிய பிறகும் (அந்த ஒரு தோல்வி அதற்கப்புறம் வந்தது) நான்கு டீம் பிளேஆஃப்பில் அவர்களைச் சேர்க்கவில்லை. அந்த அநியாயத்தை உங்கள் மகன் இன்னும் மறந்திருக்க மாட்டான். அறையைச் சாத்திக்கொள்ளட்டும், ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடக் கூப்பிடுங்கள். போனை எடுத்து எந்த வீரருக்கும் எதையும் எழுதி அனுப்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: தொடர்ந்து தோற்கும் டீமுக்கு எதிராகப் பந்தயம் கட்டினால் லாபம்தானே அண்ணா? இந்த வாரம் யார் மேல் கட்டலாம்?

சொல்ல மாட்டேன். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகு பந்தயம் மாநிலம் மாநிலமாகப் பரவிவிட்டது. கம்பங்களுக்கு இடையே பந்தை உதைக்கும் ஃபீல்டு கோலைத் தவறவிட்ட பத்தொன்பது வயதுப் பையனுக்கு, பணம் போன யாரோ ஒருவர் கொலை மிரட்டல் அனுப்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. கல்லூரி வீரர்களின் தனிப்பட்ட ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுவதை ஓஹையோ உள்ளிட்ட சில மாநிலங்கள் 2024-இல் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள் தம்பி.

ஒமஹா வாசகர்: 2021-இல் நெப்ராஸ்கா தோற்ற ஒன்பது ஆட்டமும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். இது துரதிர்ஷ்டமா, திறமைக் குறைவா? இன்றும் வீட்டில் சண்டை நடக்கிறது.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

அந்த சீசன் 3-9. ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் நாம் அடித்த புள்ளிகள் எதிரிகள் அடித்ததைவிட அதிகம். மிஷிகனிடம் மூன்று புள்ளி, ஓக்லஹோமாவிடம் ஏழு, ஓஹையோ ஸ்டேட்டிடம் ஒன்பது. நெருக்கமான ஆட்டங்களின் முடிவு பொதுவாக நாணயம் சுண்டுவது மாதிரிதான். ஒரு வருடம் எதிராக விழுந்தால் அடுத்த வருடம் சரியாகும். அதை வைத்துத்தான் 2022-இல் எல்லாம் மாறும் என்று பலர் சொன்னார்கள்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படித் தோற்றோம் என்று பாருங்கள். மிஷிகன் ஸ்டேட் ஆட்டத்தில் இரண்டாம் பாதி முழுக்க நம் டிஃபென்ஸ் அவர்களை நகரவே விடவில்லை. கடைசி நான்கு நிமிடத்துக்குள், 20-13 என்று முன்னிலையில், நம் ஆட்கள் ஒரு பக்கம் ஓட பன்ட் (பந்தை எதிரிக்கு விட்டுக்கொடுத்துத் தூரமாக உதைப்பது) இன்னொரு பக்கம் போனது. அதைப் பிடித்து அவர்கள் 62 கெஜம் திரும்ப ஓடி டச்டவுன் (எல்லைக் கோட்டைத் தாண்டி எடுக்கும் ஆறு புள்ளி), பிறகு ஓவர்டைமில் தோல்வி. ஓக்லஹோமாவில் டச்டவுனுக்குப் பிறகு ஒரு புள்ளிக்காக நாம் உதைத்த எக்ஸ்ட்ரா பாயின்ட்டைத் தடுத்து எதிர்முனை வரை ஓடி அவர்கள் இரண்டு புள்ளி எடுத்தார்கள். ஐயோவாவிடம் 21-6 என்று முன்னிலையில் இருந்தோம். ஒரு பன்ட்டைத் தடுத்து டச்டவுன் ஆக்கினார்கள், முடிவு 28-21.

மூன்றும் ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான தனிக் குழு செய்த தவறுகள். இதைத் துரதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது? வாரத்தில் எவ்வளவு நேரம் அதற்கு ஒதுக்கினார்கள், யார் பொறுப்பு என்பதில் இருக்கிறது விஷயம். அப்போதைய நம் கோச் ஸ்காட் ஃபிராஸ்ட் காலம் முழுவதிலும் எட்டுப் புள்ளி வித்தியாசத்துக்குள் முடிந்த ஆட்டங்களில் நம் கணக்கு 5 வெற்றி, 22 தோல்வி. நாணயம் இத்தனை வருடம் ஒரே பக்கம் விழாது.

2022 தொடக்கத்தில் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 என்று முன்னிலையில் இருந்தபோது ஃபிராஸ்ட் ஆன்சைட் கிக் (பந்தைத் தாங்களே மீட்பதற்காகக் குறுகிய தூரம் உதைப்பது) அடிக்கச் சொன்னார். பந்து அவர்களிடம் போனது, ஆட்டமும் போனது. நார்த்வெஸ்டர்ன் அந்த வருடம் ஜெயித்த ஒரே ஆட்டம் அதுதான். எந்த வீரரும் செய்த தவறில்லை அது.

இன்னொரு ஒமஹா வாசகர்: ஃபிராஸ்ட்டைக் குறை சொல்லாதீர்கள் சார். 2014-இல் கோச் போ பெலினியை நீக்கியதுதான் சாபம். வருடா வருடம் ஒன்பது ஜெயித்தவர்.

ஏழு சீசனிலும் ஒன்பதுக்குக் குறையவில்லை, உண்மை. ஆனால் 2012-இல் நம் கான்ஃபரன்ஸான பிக் டென்னின் இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சினிடம் 70-31 என்று வாங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாபம் என்று ஒன்றைத் தேடினால் 2003-க்குப் போங்கள். அப்போதைய கோச் ஃபிராங்க் சோலிச்சை 9-3 என்ற கணக்கோடு நீக்கினார்கள். ஒன்பது வெற்றி போதாது என்று நிர்வாகம் முதன்முதலில் முடிவு செய்தது அப்போதுதான். மறுவருடமே 5-6. 1961-க்குப் பிறகு தோல்வி அதிகமான முதல் சீசன் அது. 35 வருடம் விடாமல், சீசன் முடிவில் நல்ல டீம்களுக்குக் கிடைக்கும் பௌல் ஆட்டத்துக்குப் போனதும் அத்தோடு நின்றது.

அதே வாசகர்: அப்படியானால் நான் சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒன்றுதானே?

பாதிதான் ஒன்று. பெலினியை நீக்கியதைவிட அடுத்து யாரை, எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் என் புகார். பழைய கோச் ஆஸ்போர்ன் காலத்து, பந்தோடு ஓடுவதையே நம்பிய ஆப்ஷன் ஓட்டம், அதற்குப் பிறகு பில் கேலஹனின் என்எஃப்எல் பாணிப் பாஸிங், பெலினியின் டிஃபென்ஸ், மைக் ரைலியின் வேறொரு பாணி, ஃபிராஸ்ட்டின் வேகம். ஒவ்வொரு கோச்சும் முந்தையவர் வேறு ஆட்டத்துக்காகச் சேர்த்த பையன்களை வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கினார். பொறுமையின்மை ஒவ்வொரு முறையும் நம்மை முதல் வருடத்துக்கே தள்ளியது.

லிங்கன், ஆராய்ச்சி மாணவி: நீங்கள் இருவருமே கான்ஃபரன்ஸ் மாறியதை மறந்துவிட்டீர்கள். 2011-இல் பிக் 12-ஐ விட்டு பிக் டென்னுக்கு வந்ததால் டெக்சஸில் ஆடுவதே போனது. டெக்சஸ் பையன்கள் ஏன் வருவார்கள்?

நல்ல வாதம், ஏற்கிறேன். சுமார் 20 லட்சம் மக்கள் இருக்கும் மாநிலம் இது, தேவையான வீரர்கள் இங்கேயே பிறக்க மாட்டார்கள். ஆனால் அதையே முழுக் காரணமாக்காதீர்கள். அண்டை மாநிலமான கான்சஸில், கான்சஸ் ஸ்டேட் 1989-இல் கோச்சாக பில் ஸ்னைடர் வந்தபோது 27 ஆட்டமாக வெற்றியே இல்லாமல் இருந்தது. 1998-இல் முதல் 11 ஆட்டமும் ஜெயித்து, ஒரு தரவரிசையில் முதலிடம் வரை போனார்கள். அங்கேயும் வீரர்கள் மரத்தில் காய்க்கவில்லை. ஜூனியர் காலேஜ்களில் (இரண்டு வருடக் கல்லூரிகள்) தேடினார், ஒரே முறையில் நின்றார், அவருக்கு நேரம் கொடுத்தார்கள்.

அதே மாணவி: 2024-இல் இந்தியானாவுக்கு நேரமே தேவைப்படவில்லையே? 3-9-இலிருந்து முதல் வருடமே பிளேஆஃப்.

அவர்கள் கோச் கர்ட் சிக்னெட்டி, முன்பு வேலை பார்த்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் தன்னிடம் ஆடிய பல பேரைக் கூடவே கூட்டிவந்தார். முறை தெரிந்த ஆட்கள் முதல் நாளிலிருந்தே இருந்தார்கள். போர்ட்டல் காலத்தில் அதுவும் ஒரு வழி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவரும் ஒரே முறையை இடம் மாற்றிக் கொண்டுவந்தார், அதைக் கவனியுங்கள். இந்த வாதத்துக்கு இன்னும் பதினோரு கடிதம் வந்திருக்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

மூன்று பேர், கிட்டத்தட்ட ஒரே கேள்வி: எங்கள் கோச்சை எப்போது நீக்குவார்கள்?

ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஃபிராஸ்ட்டை 2022 செப்டம்பர் 11-இல் நீக்கினார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் பைஅவுட் 15 மில்லியன் டாலரிலிருந்து 7.5 மில்லியனாகக் குறைந்திருக்கும். ஜார்ஜியா சதர்னிடம் சொந்த ஊரில் 45-42 என்று தோற்ற பிறகு மூன்று வாரம்கூடப் பொறுக்க முடியவில்லை.

சிகாகோ வாசகர்: எங்கள் கோச்சை எப்போது...

மேலே பாருங்கள்.

ஹூஸ்டன் வாசகர்: மிக நீண்ட தொடர் தோல்வி எது?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான். பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம், 80 ஆட்டங்கள், 1989 முதல் 1998 வரை. அந்தத் தோல்விக்குப் பின்னால் பணம் இருந்தது. 1990-இல் டீமையே நிறுத்திவிட்டு, அடுத்த வருடம் ஸ்காலர்ஷிப் இல்லாமல் தொடங்கினார்கள். எதிரிகளிடம் ஸ்காலர்ஷிப் வீரர்கள், இவர்களிடம் படிப்புக்குக் கடன் வாங்கிய மாணவர்கள். ஆனாலும் கூட்டம் வந்தது, பாதிப் பேர் அவர்களுடைய பேண்டு வாத்தியக் குழுவுக்காக வந்தார்கள். 1998 செப்டம்பர் 26 அன்று லாங்ஸ்டனை 14-12 என்று ஜெயித்தார்கள். அந்த எண்பது ஆட்டங்களிலும் உடை மாட்டிக்கொண்டு இறங்கிய ஒவ்வொரு பையனையும் நான் மதிக்கிறேன்.

லிங்கன் வாசகர்: டிக்கெட் வாங்காமல் புறக்கணித்தால் நிர்வாகத்துக்கு உறைக்குமா?

மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பரிலிருந்து எல்லா ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்த கணக்கு இருக்கிறது. மோசமான வருடங்களில் மீந்த டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்கி, வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நீங்கள் விட்ட இருக்கையில் ஒரு குழந்தை உட்காரும், நல்லதுதான். நிர்வாகத்துக்கு உறைக்க வேண்டுமானால், விளையாட்டுத் துறை இயக்குநருக்குக் கையெழுத்தோடு கடிதம் எழுதுங்கள், பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் ரீஜென்ட்ஸ் குழுவுக்கு யார் போட்டியிடுகிறார்கள் என்று பாருங்கள். இந்த மாநிலத்தில் அவர்களை நாம்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம்.

மறுபடி சிகாகோ: ஆனால் அந்த கிக்கரைப் பற்றி மட்டும்...

இல்லை. முதலிலேயே சொன்னேன்.

லிங்கன், ஒரு தந்தை: ஐயோவா ஆட்டத்துக்கு ஏழு வயது மகளை அழைத்துப் போகலாமா? தோற்றால் அழுவாள்.

தாராளமாகப் போங்கள். தேங்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வழக்கமாக நடக்கும் ஆட்டம், குளிர் எலும்பு வரை இறங்கும். பெஞ்சில் போட ஒரு தடிமனான விரிப்பு, உள்ளே போட இரண்டு ஜோடி காலுறை, சூடான ஏதாவது குடிக்க. பக்கத்து வரிசையில் யாராவது வீரர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினால் இடம் மாறி உட்காருங்கள், அல்லது மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் நானும் அதே நிலையில்தான் இருப்பேன்.