ஏற்றத்தில் சூடேறி இழுவை குறையும் பழைய டீசல் கார்

மலைப்பாதையில் கார் சூடாகிறது, இழுவையும் போகிறது, இரண்டுக்கும் ஒரே காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வண்டி என்றால் இரண்டுக்கும் ஒரே காரணமாக நான் முதலில் ஹெட் கேஸ்கெட்டைத்தான் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) சந்தேகிப்பேன். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு (சூட்டில் திறந்தால் முகமே வெந்துவிடும்) ரேடியேட்டர் மூடியைக் கழற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் புகை கூலன்ட்டுக்குள் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) கசிகிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி படிவதும் ஒரு அடையாளம், ஆனால் பக்கத்துத் தெருவரை மட்டுமே ஓடும் வண்டியில் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம்.

குமிழி இல்லையா? சரி, அப்போது இரண்டும் தனித்தனிக் கோளாறாக இருக்கலாம். சூட்டுக்கு அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), சுற்றாத ஃபேன். இழுவைக்கு டீசல் ஃபில்டர், கிழிந்த டர்போ ஹோஸ் (டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்). செலவு குறைவு என்பதால் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். அதுவரை டாஷ்போர்டில் வெப்பநிலை காட்டும் முள் சிவப்பைத் தொட்டால் உடனே ஓரங்கட்டுங்கள், ஹெட் வளைந்துவிட்டால் செலவு பல மடங்காகும்.