தரச்சான்று இல்லாத நாணயம்: ஏலத்தில் எதுவரை கேட்கலாம்?

கேள்வி: சார், படத்தில் வெள்ளி நாணயம் பளிச்சென்று இருக்கிறது. கழுவினதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அச்சு அடிக்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடுவதால் வருவதுதான் அசல் பளபளப்பு. ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்தால் ஒளிக்கீற்று ஆரக்கால் போலச் சுழலும். துடைத்த நாணயத்தில் அது சுழலாது, மொத்தமும் ஒரே மாதிரி மின்னும். படத்தைப் பெரிதாக்கி உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடினால் துணி பட்டிருக்கிறது. எழுத்து இடுக்கில் மட்டும் கறுப்பு தங்கி, மற்ற இடமெல்லாம் வெளுத்திருந்தாலும் சந்தேகம்தான். ஸ்கேனரில் எடுத்த படத்தில் இந்தக் கீறல் பெரும்பாலும் தெரியாது. சாய்த்துக் காட்டும் வீடியோ கேளுங்கள். வராவிட்டால் கழுவினது என்றே வைத்து விலை போடுங்கள்.

கேள்வி: தலைமுடிப் பகுதி மழுங்கலாக இருக்கிறது. தேய்மானமா, அச்சு சரியாக விழவில்லையா?

பதில்: மேடான இடத்தின் நிறத்தைப் பாருங்கள். அங்கும் பளபளப்பு தொடர்ந்தால் அச்சு பலவீனம். மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் தேய்மானம்.

கேள்வி: ஏலக் கமிஷன் 20 சதவீதம். என் பட்ஜெட் 12,600. எதுவரை கேட்கலாம்?

பதில்: கூரியர், காப்பீடு 600 என்றால் முதலில் அதைக் கழித்துவிடுங்கள். மீதி 12,000. இதில் 20 சதவீதம் கழித்து 9,600 என்று நிறுத்துவது பலர் செய்யும் தப்புக் கணக்கு. கமிஷன் நீங்கள் கேட்கும் விலைக்கு மேல் சேர்வது, அதனால் 12,000-ஐ 1.20-ஆல் வகுங்கள், 10,000 வரும். வரி உண்டென்றால் அதையும் வகுக்கும் எண்ணில் சேர்க்க வேண்டும்.

அந்த 12,600 எங்கிருந்து வந்தது என்பதுதான் பெரிய கேள்வி. விலை நாணயத்தின் தரத்தைப் பொறுத்தது. தரத்தை எண்ணில் சொல்லும் ஷெல்டன் அளவுகோல் 1 முதல் 70 வரை. 60-லிருந்து மேலே புழக்கத்துக்குப் போகாதவை. விற்பவர் 63 என்று சொன்னால் நீங்கள் 58-க்கான விலையைப் பாருங்கள். கழுவியது தெரிந்தால் தரச்சான்று நிறுவனங்கள் பொதுவாக எண்ணே தராமல், குறையை எழுதி அனுப்பும். சான்றுக் கட்டணமும் வீண்.

கேள்வி: 1893 எஸ் மார்கன் டாலர் ஒன்று வந்திருக்கிறது. துணிந்து கேட்கலாமா?

பதில்: இது அமெரிக்க வெள்ளி டாலர், எஸ் என்பது சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலையின் குறி. அடித்ததே 1,00,000. அதனால் எஸ் குறி இல்லாத 1893 நாணயத்தில் எஸ் ஒட்டி விற்பது பழைய மோசடி. எஸ் இருப்பது பின்பக்கம், மாலைக்குக் கீழே. அதன் அடியில் ஒட்டுக் கோடு தெரிகிறதா என்று 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கைலென்ஸில்) பாருங்கள். ஆனால் முன்பக்கம்தான் உறுதியான சாட்சி. எல்லா 1893 எஸ் டாலரும் ஒரே முன்பக்க அச்சில் அடித்தவை. லிபர்ட்டி (LIBERTY) என்ற சொல்லின் T எழுத்தில், மேல்பகுதியில், சின்னதாக ஒரு சாய்ந்த கோடு மேடாக இருக்கும். நல்ல நிலை நாணயத்தில் அது இல்லையென்றால் விலகிவிடுங்கள். தேய்ந்ததில் கோடு மறைந்திருக்கலாம். அப்போது சான்று இல்லாமல் தொடவே வேண்டாம்.

கேள்வி: காந்தத்தில் ஒட்டவில்லை, அப்போ வெள்ளிதானே அண்ணா?

பதில்: செம்பு, பித்தளை, ஈயம்கூடத்தான் ஒட்டாது. எடை போடுங்கள். மார்கன் 26.73 கிராம், 38.1 மி.மீ. பிறகு நூலில் கட்டி, தராசில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் அடியைத் தொடாமல் மூழ்கவிடுங்கள். தராசில் ஏறுவது 2.59 கிராமுக்குப் பக்கத்தில் இருந்தால் அடர்த்தி 10.3, 90 சதவீத வெள்ளிக்குச் சரி. வார்ப்புப் போலி என்றால் விளிம்பில் கோடு, பரப்பில் ஊசிக்குழி தெரியும்.

கேள்வி: பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது, போகுமா?

பதில்: பிசுபிசுப்பாக இருந்தால் பிளாஸ்டிக் உறையின் கசிவு, சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்தால் கரையும், தேய்க்காதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது. கெட்டியாக ஊன்றியிருந்தால் உலோகமே அரித்திருக்கிறது, அது போகாது.

கேள்வி: 10 நாணயம் ஒரே லாட். எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: நன்றாகத் தெரிகிற 2 நாணயத்துக்கு மட்டும் விலை போடுங்கள், மற்றவற்றுக்கு உலோக மதிப்பு. கூட்டு லாட்டைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று பல ஏலத்தில் விதி இருக்கும். கேட்கும் முன் அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள்.