“இதற்கு மேல் வளராது” என்று சொல்பவரிடம் ஆமை வாங்காதீர்கள்

கேள்வி: எங்களுக்கு எட்டு வயதில் மகள், நான்கு வயதில் மகன். மகள் ஒரு வருடமாக ஆமை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாங்கள் இதுவரை எந்தப் பிராணியும் வளர்த்ததில்லை. ஒரு கடையில் தீப்பெட்டி அளவில் பச்சைக் குஞ்சுகள் இருந்தன; “இதற்கு மேல் வளராது, சின்னத் தொட்டி போதும்” என்றார் கடைக்காரர். இணையத்தில் இன்னொருவர் சான்றிதழோடு வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் வேண்டாம்.

முதலில் அந்தக் கடைக்காரர். இதற்கு மேல் வளராத குஞ்சு என்று ஆமையில் எதுவும் கிடையாது. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை என்றால் அது அநேகமாக ரெட் இயர்ட் ஸ்லைடர் எனப்படும் சிவப்புக் காது ஆமை. பெண்ணாக இருந்தால் ஓடு மட்டுமே 25 சென்டிமீட்டரைத் தாண்டும், சில 30ஐத் தொடும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம் இருக்கும். உங்கள் மகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அந்தத் தொட்டியை யாராவது கழுவிக்கொண்டிருக்க வேண்டும். அந்த யாராவது நீங்கள்தான்.

வளராமல் நின்றுவிட்ட ஆமைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செருப்புப் பெட்டியில் வைத்து ஒரு குடும்பம் கொண்டுவந்தது. “நாலு வருஷமா இதே அளவுதான் டாக்டர், குட்டி இனம்” என்றார்கள். ஓட்டை விரலால் தொட்டேன், ஈர அட்டைபோல அமுங்கியது. சுண்ணாம்புச் சத்து இல்லை, புற ஊதா வெளிச்சம் இல்லை, சாப்பாடு வெறும் காய்ந்த இறால். இனம் எல்லாம் சாதாரண இனம்தான். பட்டினியைத்தான் அவர்களுக்குக் குட்டி என்று விற்றிருக்கிறார்கள். அந்த வீட்டார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, விற்கும்போது சொன்னதை நம்பியவர்கள் அவர்கள்.

ஆகவே விற்பவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி இது: “இது என்ன இனம், முழுதாக வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்?” அறிவியல் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தெரிந்தவர் யோசிக்காமல் எழுதுவார். தெரியாதவர் “எல்லாம் ஒரே ஆமைதான்” என்பார். நம் மொழியில் நீரில் வாழ்வதும் நிலத்தில் வாழ்வதும் ஒரே ஆமைதான் என்பதால் இந்தப் பதில் நியாயமாகவே காதில் விழும். ஏமாறாதீர்கள். உள்ளங்கை அளவில் விற்கப்படும் சல்கேட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமை வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும். அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வளர்க்கச் சொன்ன விற்பனையாளரையும் நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இப்போது அந்தச் சான்றிதழுக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போய்விடும்.

காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்த 1973இல் சைட்டீஸ் என்ற ஒப்பந்தம் ஏற்பட்டது. அழியும் ஆபத்துள்ள பல ஆமைகள் அதன் பட்டியலில் இருக்கின்றன. நட்சத்திர ஆமையை 2019இல் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கே மாற்றினார்கள். இந்த ஒப்பந்தப்படி தரப்படும் அனுமதிச் சீட்டுகளில் விலங்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் எழுத்து இருக்கும். காட்டில் பிடித்தது என்றால் டபிள்யூ. வளர்ப்பிடத்தில் முறையாக இனப்பெருக்கம் செய்யப்பட்டது என்றால் சி. வளர்ப்பிடத்தில் பிறந்ததுதான், ஆனால் அந்த ‘சி’க்கான நிபந்தனைகளுக்கு முழுதாகப் பொருந்தவில்லை என்றால் எஃப். உங்களுக்கு இதில் வேறு நுணுக்கம் எதுவும் தேவையில்லை. ‘வளர்ப்பில் பிறந்தது’ என்று வாயால் சொல்வதற்கும் தாளில் எந்த எழுத்து இருக்கிறது என்பதற்கும் தூரம் உண்டு என்று தெரிந்தால் போதும்.

சரி, தாள் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. அப்போதும் தந்திரம் நடக்கும். இருபது ஆமைக்கு வாங்கிய ஒரு சீட்டை ஒளிநகல் எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு, அதே சீட்டின் பேரில் இருநூறு ஆமை விற்பார்கள். சீட்டு உண்மையானது, ஆமைதான் வேறு. உங்களிடம் வரும் தாளில் கடைக்காரரின் பெயரை விட அந்த ஆமையின் அடையாளம் முக்கியம். இனம், பிறந்த வருடம், யாரிடம் பிறந்தது, மைக்ரோசிப் இருந்தால் அதன் எண், இல்லாவிட்டால் வயிற்றுப் பக்க ஓட்டின் படம். அந்த அடி ஓட்டில் உள்ள கோலம் ஆமைக்கு ஆமை மாறும். தாளையும் ஆமையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாவிட்டால் அது சான்றிதழ் இல்லை, அலங்காரம். வீட்டுக்கு அனுப்புகிறேன் என்பவரிடம் இதை எப்படிப் பார்ப்பீர்கள்?

இதையெல்லாம் சரிபார்க்க ஆள் இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். இருக்க வேண்டும்தான். ஒருமுறை நானே புகாரோடு போனேன். ஓர் அலுவலகத்தில் “இது வெளிநாட்டு இனம், எங்கள் வேலை இல்லை” என்றார்கள். அடுத்த அலுவலகத்தில் “செல்லப்பிராணியா, கால்நடைக்காரர்களைக் கேளுங்கள்” என்றார்கள். மூன்றாவது இடத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதோடு சரி. சட்டம் எழுதுவதில் இருக்கும் அக்கறையில் கால்வாசி சோதனையில் இருந்தால் இப்படி நான் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்காது.

சட்டத்தை எழுதும்போதே சந்து விட்டுவைப்பதும் உண்டு. சிறு ஆமைகளை வாயில் வைத்தும் முத்தமிட்டும் குழந்தைகளுக்கு சால்மொனெல்லா என்ற குடல் கிருமியின் தொற்று வந்ததால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்கக் கூடாது என்று அமெரிக்கா 1975இல் தடை போட்டது. நல்ல விதி. கூடவே கல்வி, ஆராய்ச்சி, காட்சிக்கு மட்டும் விலக்கு என்றார்கள். அப்புறம் என்ன, ‘கல்வி நோக்கத்துக்கு மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டுக் குஞ்சுகளை விற்கிறார்கள்.

நாட்டுக்கு நாடு விதி வேறு என்பதால் வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள். இதே சிவப்புக் காது ஆமையை ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் ஆக்கிரமிப்பு இனமாகப் பட்டியலிட்டு விற்பனையைத் தடுத்தது. ஜப்பானில் 2023 ஜூன் முதல் வீட்டில் வளர்க்கலாம், ஆனால் விற்கவோ வெளியே விடவோ கூடாது. இந்தியாவில் நட்சத்திர ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது, அதை வீட்டில் வைத்திருந்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். “எல்லோரும் வச்சிருக்காங்க சார்” என்று விற்றவர் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

அப்படியானால் யாரிடம் வாங்குவது? என் பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்: குஞ்சே வேண்டாம். முதல்முறை வளர்க்கும் குடும்பத்துக்கு நாலைந்து வயதான, நன்றாகச் சாப்பிடுகிற, வளர்ந்த ஆமை போதும். குஞ்சு நோயை மறைத்துக்கொண்டு திடீரென்று செத்துப்போகும், குழந்தை அழும். வளர்ந்ததில் ஆணா பெண்ணா என்றும் தெரிந்துவிடும். சிவப்புக் காது ஆமையில் முன்னங்காலில் நீளமான நகங்கள் இருந்தால் ஆண், பெண்ணை விடச் சிறியதாகவே நிற்கும். பெண் தனியாக இருந்தாலும் முட்டை வைக்கும், சில சமயம் முட்டை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முதல் ஆமைக்கு அந்தத் தலைவலி எதற்கு? வளர்ந்தவை எங்கே கிடைக்கும் என்றால், ஊர்வன மீட்பு மையங்களில். வைத்துக்கொள்ள முடியாமல் ஒப்படைக்கப்பட்டவையே அங்கே நிரம்பி வழிகின்றன. உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று ஊர்வனவுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கிறவருக்குத் தெரியாமல் போகலாம்.

குஞ்சுதான் வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால், தாய் தகப்பன் ஆமைகளையே கண்முன்னால் காட்டக்கூடிய ஒருவரிடம் மட்டும் போங்கள். குஞ்சு முட்டையிலிருந்து வந்து சில மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும், உங்கள் எதிரில் சாப்பிட வேண்டும். நல்ல வளர்ப்பாளர் உங்களிடம்தான் நிறையக் கேள்வி கேட்பார். தொட்டி எத்தனை லிட்டர், விளக்கு வாங்கிவிட்டீர்களா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று துருவுவார். அது எரிச்சலாக இருந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

தனி ஆட்களிடம் வாங்காதீர்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். அதற்கு ஒரே ஒரு விலக்கு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் தரகர்கள் வேஷமாகப் போட்டுக்கொள்கிறார்கள். வருடக்கணக்கில் ஓர் ஆமையை வளர்த்துவிட்டு, வீடு மாறுவதாலோ உடம்புக்கு முடியாததாலோ கொடுக்க நினைக்கும் குடும்பம் உண்மையாகவே உண்டு. அவர்களிடம் வாங்கலாம். ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். வழியில் பார்க்கலாம், பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்றால் திரும்பிவிடுங்கள். வீட்டில் தொட்டியைப் பாருங்கள். பாசியும் கறையும் படிந்த பழைய தொட்டி என்றால் நல்ல அறிகுறி. நேற்று வாங்கியதுபோல் பளபளத்தால் யோசியுங்கள். ஆமை குட்டியாக இருந்தபோது எடுத்த படங்கள் கேளுங்கள். பிள்ளைகள் கையில், பிறந்தநாள் அன்று, சோபா மேல் என்று ஏதாவது கட்டாயம் இருக்கும். எந்த மருத்துவரிடம் காட்டினார்கள், பழைய சீட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். தரகர் என்றால் வேறு வேறு பெயரில் நாலு விளம்பரம் போட்டிருப்பார், நாலு படத்திலும் தரையில் ஒரே டைல்ஸ் இருக்கும். அதைக் கவனியுங்கள், இதுவரை என்னைக் கைவிடாத சோதனை அது. இன்னொன்று: இலவசம்தானே என்று தாள் இல்லாமல் எடுத்துவராதீர்கள். பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தால் பரிசாகக் கை மாறுவதற்கும் அனுமதி கேட்கும் நாடுகள் உண்டு. கொடுத்தவர் பெயர், தேதி, இனம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தொட்டி, விளக்கு, ஃபில்டர் எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள், பாதிப்பேர் தந்துவிடுவார்கள்.

“ஏரி ஓரத்தில் கிடைத்தது” என்று சொல்லிக் கொடுப்பவர் இந்த விலக்கில் வர மாட்டார். அது காட்டு ஆமை. முட்டையிடும் வயதை எட்டவே பத்துப் பதினைந்து வருடம் எடுக்கும் இனங்கள் இருக்கின்றன, அதில் ஒரு பெண்ணைத் தூக்கினால் அந்தக் குளத்துக்கு நஷ்டம் பெரிது. வெளி ஓட்டில் பழைய கீறல், உண்ணி, உதட்டில் தூண்டில் காயம் இவையெல்லாம் காட்டில் பிடித்ததைக் காட்டிக்கொடுக்கும்.

வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியது குறைவுதான். கண் திறந்து வீங்காமல் இருக்க வேண்டும். மூக்கில் குமிழி வரக் கூடாது. தண்ணீரில் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தால் நுரையீரலில் கோளாறு, விடுங்கள். ஓடு கெட்டியாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் காலை உதறிக்கொண்டு திமிற வேண்டும். பாவம், சோர்ந்து கிடக்கிறது, காப்பாற்றலாம் என்று வாங்கினால் அந்த இடத்தில் நாளைக்கு இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

உங்கள் மகன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் முதல் கவலை. பார்க்க நல்ல ஆரோக்கியமாக இருக்கும் ஆமையின் மேலும் சால்மொனெல்லா இருக்கலாம். ‘கிருமி இல்லை’ என்ற சோதனைச் சீட்டு அன்றைக்கு மட்டும் செல்லும், மறுவாரம் மறுபடி வெளிவரலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் ஆமை வேண்டாம் என்பதுதான் பொதுவான மருத்துவ ஆலோசனை. அவனுக்கு ஐந்து முடியட்டும். அதற்குப் பிறகும் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சமையலறைத் தொட்டியில் ஆமைத் தண்ணீரைக் கொட்டாமல் இருப்பது இரண்டும் எல்லோருக்கும்தான்.

அந்த இடைவெளியில் தொட்டியைத் தயார் செய்யுங்கள். ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 8 அங்குல ஆமைக்கு 300 லிட்டருக்கு மேல் போகிறது. ஏறி உடம்பு காய ஒரு மேடு, அதன் மேல் சூடு தரும் விளக்கு, புற ஊதா வெளிச்சம் தரும் யுவிபி விளக்கு, பலமான ஃபில்டர். யுவிபி விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும், வெளிச்சம் தெரியும், வேலை செய்யாது. எல்லாவற்றையும் ஆமை இல்லாமலே ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், மகளையே வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றச் சொல்லுங்கள். நாலாவது வாரமும் அவளே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தால் அப்புறம் மீட்பு மையத்துக்கு போன் செய்யலாம். ஆமை வந்த முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள், போகும்போது அதன் கழிவில் கொஞ்சம் ஒரு சின்னப் புட்டியில் எடுத்துப்போக மறக்காதீர்கள்.