முதலில் மஞ்சளானது எந்த இலை?

நீங்கள் கேட்டிருப்பது இது: மொட்டை மாடியில் தொட்டியில் வைத்த எலுமிச்சையும் செம்பருத்தியும் மஞ்சளாகிக்கொண்டே வருகின்றன, மண்புழு உரம், எப்சம் உப்பு, முட்டை ஓடு எல்லாம் போட்டாகிவிட்டது, எந்தச் சத்து குறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு வேண்டுகோள். இன்னும் பதினைந்து நாளைக்கு எந்த உரமும் போடாதீர்கள். ஏற்கெனவே மூன்று போட்டிருக்கிறீர்கள். நான்காவதையும் போட்டால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று பிறகு பிரித்துப் பார்க்கவே முடியாது.

சென்னைக்குத் தெற்கே புறநகரில், போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டு மாடியில் ஒன்பது வருடமாகச் செடி வளர்க்கிறேன். இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, மண்ணில் சத்தே இல்லாமல் மஞ்சளான தொட்டிகள் குறைவு. சத்து மண்ணில் இருக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை என்ற நிலைதான் அதிகம். அதனால் இலையைப் பார்ப்பதற்கு முன் விரலை மண்ணுக்குள் விடுங்கள். இரண்டு கணு ஆழம். மேலே காய்ந்து உள்ளே சொதசொதவென்று இருந்தால், சாக்கடை வாடை அடித்தால், வேர் அழுகுகிறது என்று அர்த்தம். அப்போது எல்லா இலையும் மஞ்சளாகும், மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவளும். செடியை வேர்க்கட்டோடு மெதுவாக உருவிப் பாருங்கள். வெள்ளை வேர் நல்ல வேர். பழுப்பாக, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வருகிறது என்றால் அழுகிய வேர், பெரும்பாலும் தொட்டியின் ஓட்டை அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கும். அதற்கு உரம் மருந்தில்லை.

அடுத்து இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, சிலந்திப்பேன் இல்லாமல் இருப்பதே அபூர்வம். சிலந்திப்பேன் உறிஞ்சிய இலையில் ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடியாக வெளிறிய புள்ளிகள் இருக்கும். சத்துக் குறைவு அப்படிப் புள்ளி வைக்காது.

இந்த இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தலைப்பில் உள்ள கேள்வி. முதலில் மஞ்சளானது கொழுந்தா, அடியிலையா?

வீட்டில் அரிசி குறைந்தால் பெரியவர்கள் தங்கள் பங்கைப் பிள்ளைகளின் தட்டில் போடுவார்கள். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் நான்கிலும் செடி அதையேதான் செய்கிறது. முற்றிய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் இவை குறைந்தால் அடியிலைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து (கால்சியம்), போரான் ஆகியவை ஓரிலையில் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். கொழுந்துக்குக் கடன் கொடுக்க வழியில்லை. இவை குறைந்தால் புதுத்துளிர்தான் முதலில் பாதிக்கும்.

அடியிலை முழுவதும், நரம்பு உட்பட, ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மாடியில் பாதித் தொட்டிகள் இப்படித்தான் நிற்கும். மழை அதைக் கழுவி ஓட்டை வழியாக வெளியே அனுப்பியிருக்கும். ஊறவைத்துத் தெளியவிட்ட கடலைப் புண்ணாக்குக் கரைசலை நன்றாக நீர்த்து, வாரம் ஒருமுறை இரண்டு தடவை ஊற்றினால் போதும். அடியிலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். எலுமிச்சையில் இதைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம், ஏனென்றால் காம்புப் பக்கம் மட்டும் ஆப்பு வடிவில் பச்சை மிஞ்சியிருக்கும். இதற்குத்தான் எப்சம் உப்பு (அது மக்னீசியம் சல்பேட்), லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்க வேண்டும். எல்லா மஞ்சளுக்கும் அல்ல. அடியிலையின் ஓரம் நெருப்புப் பட்டது போலக் கருகினால் சாம்பல் சத்துக் குறைவாக இருக்கலாம். மண்ணில் உப்பு சேர்ந்தாலும் அதே மாதிரிதான் கருகும் என்பதால் அந்த ஒன்றில் அவசரப்படக் கூடாது.

உங்கள் எலுமிச்சையைப் பற்றி எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. என் எலுமிச்சையின் கதையைச் சொல்கிறேன், பொருந்துகிறதா பாருங்கள்.

பதினைந்து அங்குலத் தொட்டி. இரண்டாவது கோடையில் துளிர்கள் எலுமிச்சைப் பழத்தின் நிறத்திலேயே வர ஆரம்பித்தன. ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்தேன். மஞ்சள் துணியில் பச்சை நூலால் வலை பின்னியது போல, மெல்லிய கிளை நரம்பு வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. கீழே இருந்த பழைய இலைகள் கரும்பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. உரக்கடையில் டிஏபி என்ற ரசாயன உரத்தைப் போடச் சொன்னார்கள். போட்டேன். மாதம் கழித்து மறுபடியும் போட்டேன். அடுத்து வந்த துளிர் வெள்ளையாகவே வந்தது, ஓரம் காய்ந்து உதிர்ந்தது. அந்தச் செடி என் அம்மா விதை போட்டு முளைக்க வைத்தது. தினமும் காலையில் அதன் முன்னால் நிற்கவே கஷ்டமாக இருந்தது.

அது இரும்புச்சத்துக் குறைவு. டிஏபியில் இருக்கும் மணிச்சத்து மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து அதை இன்னும் கரையாமல் செய்துவிடும். நான் குறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

எப்படி உறுதி செய்தேன் என்பதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1840களில் பிரான்சில் யூசேப் கிரி என்பவர் வெளிறிய செடிகளுக்கு இரும்பு உப்புக் கரைசல் கொடுத்து, பச்சை திரும்புவதைக் காட்டினார். அதை இன்றைக்கும் மாடியில் செய்து பார்க்கலாம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேளுங்கள், உரக்கடையில் இரும்பு சல்பேட் என்பார்கள். வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். துருப்பிடித்த பழுப்பு நிறத்தில் கொடுத்தால் வாங்காதீர்கள், அது வீணாய்ப் போனது. ஒரு லிட்டர் தண்ணீரில் 3 கிராம், கூடவே அரை மூடி எலுமிச்சைச் சாறு. சாயங்காலம் வெயில் இறங்கியதும், ஒரு மஞ்சள் துளிர் இலையின் இடது பாதியில் மட்டும் சின்னப் பெயின்ட் பிரஷால் இரண்டு பக்கமும் தடவுங்கள். வலது பாதியைத் தொடாதீர்கள். இலைக்காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். தரையில் சொட்டினால் துருக்கறை போகவே போகாது, பழைய பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது நாள் என் இலையில் தடவிய பாதியில் பச்சைத் திட்டுகள் வந்திருந்தன. நடு நரம்புக்கு இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் பச்சை. உங்களுக்கும் அப்படி வந்தால் சந்தேகமே வேண்டாம். பத்து நாளாகியும் மாற்றம் இல்லையென்றால் காரணம் வேறு. புது இலைகள் சிறுத்து, குறுகி, நுனியில் கொத்தாக நெருங்கி வந்தால் துத்தநாகத்தை அடுத்ததாகச் சந்தேகிக்கலாம்.

சரி, அன்னபேதியை மண்ணில் கொட்டிவிடலாமா என்றால், வேண்டாம். மண்ணில் இரும்பு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது, செம்மண்ணின் சிவப்பே அதனால்தான். சிக்கல் தண்ணீரில். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பாகச் சேர்கிறது. மண்ணின் கார அமில நிலை (பிஹெச்) 7.5ஐத் தாண்டினால் இரும்பு கரையாது, கரையாததை வேர் குடிக்காது. நிலத்தில் இருக்கும் மரம் வேரை வேறு பக்கம் நீட்டிக்கொள்ளும், தொட்டிச் செடிக்கு அந்த வசதி இல்லை. காய்ந்த மேல்மண் ஒரு கரண்டி எடுத்து வினிகரை ஊற்றுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. முட்டை ஓடும் சுண்ணாம்புதான், இப்படிப்பட்ட மண்ணில் அது கரையப் போவதில்லை, உடனே நிறுத்துங்கள்.

இன்னொன்று, ஆர்ஓ கழிவு நீரை வீணாக்கக் கூடாதே என்று செடிக்கு ஊற்றுகிறீர்களா? நல்ல எண்ணம்தான், ஆனால் வீட்டில் வரும் தண்ணீரின் உப்பெல்லாம் திரண்டிருப்பது அதில்தான். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் ஊற்றும் தண்ணீரையும் தொட்டியின் அடியில் வடியும் தண்ணீரையும் அளந்து பாருங்கள். வடிவது இரண்டு மூன்று மடங்காகக் காட்டினால் உப்பு சேர்ந்துவிட்டது. தொட்டியின் கொள்ளளவுபோல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசி வடியவிடுங்கள். மேலே சொன்ன இலையோரக் கருகல் உப்பால் வந்ததாக இருந்தால் அடுத்த துளிரில் நின்றுவிடும்.

என் எலுமிச்சைக்கு நான் செய்தது இவ்வளவுதான். ஏசியிலிருந்து வடியும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினேன், அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. அது போதாத நாளில் போர் தண்ணீரில் சிறிது சிட்ரிக் ஆசிட் கரைத்து, பிஹெச் தாளில் 6.5 வரும்வரை பார்த்து ஊற்றினேன். எவ்வளவு போடுவது என்பது ஒவ்வொரு வீட்டுத் தண்ணீருக்கும் மாறும், தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மண்ணுக்கு ஒருமுறை இடிடிஹெச்ஏ (EDDHA) வகை இரும்புச் செலேட் கொடுத்தேன், இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும் மருந்து அது. கடையில் அதிகம் கிடைக்கும் இடிடிஏ (EDTA) வகை காரமான மண்ணில் நிலைக்காது, பாக்கெட்டைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். மூன்றாவது வாரம் வந்த துளிர் பச்சையாக வந்தது. ஏற்கெனவே வெளுத்துப்போன இலைகள் தேறவில்லை, அதை எதிர்பார்க்கவும் கூடாது.

செம்பருத்தி அடியில் மாதம் நான்கைந்து இலை மஞ்சளாகி உதிர்ந்தால் அது வயதான இலை, விட்டுவிடுங்கள். பக்கத்தில் வெண்டை, தக்காளி இருந்தால் இரண்டு விஷயம். வெண்டையில் இரும்புக்குறைக்கு நேர் எதிராக நரம்பு மஞ்சளாகி இடையில் பச்சை இருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். செடியைப் பிடுங்கிவிடுங்கள், சத்துக் கொடுத்துப் பயனில்லை. தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்துத் தட்டையாகக் குழிந்தால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. அது தண்ணீரோடு மட்டுமே பயணிக்கும் சத்து. பெரும்பாலும் ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளமாக நிரப்புவதால் வருவது. க்ரோ பேக்கின் மேல் காய்ந்த சருகைப் பரப்பிக் காலையும் மாலையும் அளவாக ஊற்றினால் அடுத்த கொத்துக் காய் நன்றாக வரும்.

இன்று மாலை எலுமிச்சையில் மேலிருந்து மூன்றாவது இலை ஒன்று, அடியிலை ஒன்று பறித்து வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள், தொட்டி என்ன அளவு என்பதையும் எழுதுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.