டர்பனில் தினசரி சைக்கிளுக்கு விலை குறைந்த, சிறிய பூட்டு எது?

கேள்வி டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவருடையது: பையில் அடங்க வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும்.

சிறிய யூ பூட்டு வாங்குங்கள்: U வடிவ எஃகுக் கம்பியும், அதன் இரு முனைகளையும் இணைக்கும் குறுக்குத் தண்டும் கொண்டது. கேபிள் பூட்டு மலிவுதான். ஆனால் உள்ளே இருப்பது மெல்லிய கம்பிப் புரி. கையடக்கக் கட்டரே அதை நொடிகளில் நறுக்கிவிடும். பிளாஸ்டிக் உறையின் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

யூ பூட்டின் கம்பி 12 அல்லது 13 மி.மீ. தடிமனுள்ள கடினப்படுத்திய எஃகாக இருக்கட்டும். உள் அகலம் 8–10 செ.மீ., நீளம் 15 செ.மீ. போதும். பூட்டுக்குள் மிஞ்சும் இடைவெளியில்தான் திருடன் கடப்பாரையை விட்டு நெம்புவான். யூவின் இரண்டு கால்களும் குறுக்குத் தண்டில் பூட்டிக்கொள்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். ஒரு கால் மட்டும் பூட்டினால் ஒரே வெட்டில் திருகிக் கழற்றிவிடலாம்.

பூட்டும் இடம் அதைவிட முக்கியம். ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் (சீட்டுக்குக் கீழே பின்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களின் முக்கோணம்) வரும் இடத்தில் பின்சக்கர ரிம்மில் பூட்டைக் கோத்து, நிலத்தில் ஊன்றிய இரும்புக் கம்பத்தோடு சேருங்கள். சக்கரம் முக்கோணத்தை விட்டு வெளியே வராது, ஃபிரேமும் மாட்டிக்கொள்ளும். முன்சக்கரத்தில் குயிக் ரிலீஸ் (கையாலேயே திறக்கும் நெம்பு) இருந்தால், ஆலன் கீ என்னும் அறுகோணச் சாவியால் திறக்கும் அச்சாக மாற்றிவிடுங்கள்.

டர்பன் கடல்காற்று சாவித்துளையைச் சீக்கிரம் அரிக்கும். துளை கீழே பார்க்கும்படி பூட்டுங்கள். மாதம் ஒருமுறை டெஃப்லான் ஸ்ப்ரே அடியுங்கள். கெட்டி எண்ணெய் வேண்டவே வேண்டாம்: மணல் ஒட்டி, பூட்டின் உள்ளே இருக்கும் சிறு பின்கள் சிக்கி, சாவி உள்ளேயே முறிந்துபோகலாம்.