கேட்ச் கேன் பூட்டிய பிறகு டிப்ஸ்டிக் எழும்புவது பற்றி

தம்பி, டர்போ ஸ்டார்லெட் காருக்கு கேட்ச் கேன் (எஞ்சின் ஆவியோடு வரும் ஒயிலைப் பிடிக்கும் டப்பா) பூட்டி, பிசிவி வால்வை (எஞ்சின் ஆவியை மெனிஃபோல்டுக்கு விடும் ஒருவழி வால்வு) கழற்றி எறிந்த நாளிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி மிதித்தால் டிப்ஸ்டிக் (ஒயில் மட்டம் பார்க்கும் கம்பி) எழும்பி ஒயில் தெறிக்கிறது என்கிறீர்கள். ஒயில் கசியாமல் தடுக்கும் சீலுக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம். டர்போ காற்றை அழுத்தித் தள்ளி பூஸ்ட் ஏறும்போது, மெனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாய்) அழுத்தம் பிசிவி வால்வு இருந்த ஹோஸ் வழியே கிராங்க் கேஸுக்குள் (எஞ்சினின் அடிப்பகுதி) இறங்குகிறது. அதைத் தடுப்பதே அந்தச் சின்ன வால்வுதான். புதியதைப் போடுங்கள். பூட்டுமுன் வாயால் ஊதிப் பாருங்கள்: எஞ்சின் பக்கமிருந்து காற்றுப் போகவேண்டும், மெனிஃபோல்டு பக்கமிருந்து போகக்கூடாது.

அப்புறம், கேனை டெப்பட் கவரின் (எஞ்சின் மேல்மூடி) பெரிய ஹோஸில் வையுங்கள். கேனிலிருந்து வரும் ஹோஸ் ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் சேரட்டும். ஹோஸின் உள்விட்டம் பழையதைவிடக் குறையவே கூடாது. நடுவில் தொங்கவும் விடாதீர்கள், பள்ளத்தில் தண்ணீரும் ஒயிலும் தேங்கி அடைக்கும். நான் ஒருமுறை சாதாரண தண்ணீர் ஹோஸ் போட்டேன். சூட்டில் இளகி, உறிஞ்சலில் சப்பையாக ஒட்டிக்கிடந்தது. ஒயில் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும்.

மாரி மழையில் கிட்டத்து ஓட்டம் மட்டும் ஓடினால் கேனில் பால்கோப்பி நிறத்தில் கூழ் சேரும். கூலன்ட் குறையாவிட்டால் பயப்படாமல் வடித்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் டிப்ஸ்டிக் எழும்பினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) அளந்து பாருங்கள், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அளவுகளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.