மூன்றே எபிசோடில் தீர்ப்பா?

கேள்வி: நண்பர்கள் எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே என்று ‘ஸ்டைன்ஸ் கேட்’ என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன் தொடர்) பார்க்கத் தொடங்கினேன். மூன்று எபிசோட் முடிந்துவிட்டது. வெள்ளை கோட் போட்ட ஒருவன் போனில் தனக்குத்தானே பேசிக்கொள்கிறான், மைக்ரோவேவில் வாழைப்பழம் வைக்கிறான். கதை நகரவே இல்லை. சீசனுக்கு ஒரு காலப்பயண அனிமே புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. மூன்று எபிசோடில் பிடிக்காவிட்டால் விட்டுவிடுவது என் வழக்கம். சரிதானே?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: சரியில்லை. கதை நகரவில்லை என்கிறீர்களே, முதல் எபிசோடில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் பார்த்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2010 ஜூலை 28. டோக்கியோவின் அகிஹபராவில் உள்ள ரேடியோ கைகன் கட்டடம். காலப்பயணம் பற்றிய ஒரு சொற்பொழிவைக் கேட்க, நீங்கள் சொல்லும் அந்த வெள்ளை கோட்காரன் ஒகாபே வருகிறான். மகிஸே குரிஸு என்ற பெண் அவனை நிறுத்தி, கால் மணி நேரத்துக்கு முன்னால் என்னிடம் என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்கிறாள். அவனோ அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை. சற்று நேரத்தில் ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் அதே பெண் ரத்த வெள்ளத்தில் கிடக்கிறாள். பதறிப்போய் வெளியே வந்து நண்பன் தாருவுக்குச் செய்தி அனுப்புகிறான். அனுப்பும் பொத்தானை அழுத்திய நொடியில் தெருவில் இருந்த அத்தனை பேரும் மறைகிறார்கள். கட்டடத்தின் உச்சியில் செயற்கைக்கோள் போன்ற ஏதோ ஒன்று மோதி நிற்கிறது. பிறகு குரிஸு உயிரோடு எதிரில் வருகிறாள். அந்தச் சொற்பொழிவு நடக்கவே இல்லை என்கிறார்கள். அவன் அனுப்பிய செய்தியோ தாருவின் போனில் சில நாட்கள் முன்பே வந்து கிடக்கிறது, அதுவும் துண்டு துண்டாக.

இவ்வளவும் ஒரே எபிசோடில். உங்கள் கண் கதையின் மேல் இல்லை, அந்தப் பையனின் அலட்டல் மேல் இருந்திருக்கிறது.

அடுத்து வரும் ஜான் டைட்டர் சமாச்சாரத்தை எப்படித் தாண்டிப் போனீர்கள் என்றுதான் எனக்கு ஆச்சரியம். இது கதாசிரியர்கள் கற்பனையாக உண்டாக்கிய பெயர் இல்லை. 2000-2001இல் அமெரிக்க இணைய அரட்டைப் பலகைகளில் அந்தப் பெயரில் ஒருவர் எழுதினார். 2036இலிருந்து வருவதாகவும், 1975க்குப் போய் ஐபிஎம் 5100 கணினி ஒன்றை எடுத்துச் செல்லும் வேலை தன்னுடையது என்றும் சொன்னார். அந்தக் கணினியும் நிஜம்தான். 1975இல் விற்பனைக்கு வந்தது, எடை ஏறக்குறைய 25 கிலோ. இந்த அனிமேயில் ஒகாபேக்கு மட்டும் 2000ஆம் ஆண்டின் டைட்டர் நினைவிருக்கிறார். மற்ற எல்லாருக்கும் அவர் 2010இல், இப்போதுதான் புதிதாக எழுத வந்தவர். ஒரு செய்தி போய் உலகமே மாறியபோது நினைவு மாறாமல் தங்கியது ஒருவனுக்குத்தான் என்பதை, இதைவிட எளிமையாக, ஒரு புத்தக அலமாரியையும் ஒரு கணினித் திரையையும் வைத்துச் சொல்லிவிட முடியுமா?

காலப்பயணத் தொடரை முதன்முதலில் பார்க்கும்போது விறுவிறுப்பைத் தேடாதீர்கள், கதையின் விதிமுறையைத் தேடுங்கள். பின்னால் போவது எது? உடம்பா, நினைவா, வெறும் செய்தியா? எவ்வளவு தூரம் போகலாம்? மாற்றம் நடந்தது யாருக்குத் தெரியும்? அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள்? தொடக்க எபிசோடுகளே இந்த நான்குக்கும் பதிலோ பதிலுக்கான தடயமோ தந்துவிட்டால் எழுதியவருக்குத் தன் கதை தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். தராவிட்டால் எத்தனை வெடி வெடித்தாலும் கடைசியில் ஏதோ ஒரு புதுச் சக்தி வந்துதான் முடிச்சை அவிழ்க்கும். இந்த வகைத் தொடர்கள் சரிவது பெரும்பாலும் அங்கேதான்.

இந்தத் தொடரின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மைக்ரோவேவ் வழியாகக் கடந்த காலத்துக்குப் போகக்கூடிய செய்தியின் அளவு 36 பைட். ஜப்பானிய எழுத்து ஒன்றுக்கு 2 பைட் என்பதால் 18 எழுத்து. அதுவும் ஆறு ஆறாக மூன்று துண்டாகத்தான் போய்ச் சேரும். முதல் எபிசோடில் தாருவின் போனில் செய்தி துண்டாகி வந்ததே, அது இதனால்தான். கணினியில் எழுத்துகளைப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ‘அங்கே போகாதே’ என்று எழுதினால் இடைவெளியோடு சேர்த்து 34 பைட். அவ்வளவுதான் இடம். எங்கே, ஏன், யார் சொல்கிறார்கள் என்று எழுத வழியே இல்லை. அரைகுறைச் செய்தியைப் படிப்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார், என்ன செய்வார் என்பது அனுப்பியவர் கையில் இல்லை. தொடரின் அத்தனை விபரீதமும் இந்தச் சின்ன அளவிலிருந்து முளைக்கிறது. முதல் பாதியில் விளையாட்டாக அனுப்பும் செய்திகளுக்கு இரண்டாம் பாதியில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சலித்துக்கொண்ட வாழைப்பழமும் அப்படித்தான். பச்சைக் கூழாக மாறிய பழம் திரும்பவும் தன் சீப்பிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. அவர்கள் கையில் இருப்பது எத்தகைய இயந்திரம் என்பதற்கு அதுதான் முதல் சாட்சி.

மற்ற தொடர்களையும் இதே உரைகல்லில் உரசிப் பாருங்கள். 2016இல் வந்த ‘ரீ ஜீரோ’வில் நாயகன் செத்தால் ஒரு குறிப்பிட்ட கட்டத்துக்குத் திரும்புகிறான். அதை இன்னொருவரிடம் சொல்ல வாயெடுத்தாலே ஒரு கை அவன் இதயத்தை நெரிக்கிறது. விலை அங்கேயே தெரிந்துவிடுகிறது. 2022இன் ‘சம்மர் டைம் ரெண்டரிங்’ இன்னும் கெட்டி. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தொடங்கும் கட்டம் சற்று முன்னே நகர்ந்துவிடுகிறது. அதனால் முதல் தவறைத் திருத்த எல்லையற்ற வாய்ப்பு கிடையாது. ஒரே காலம் திரும்பத் திரும்ப வரும் டைம் லூப் கதைகளில் ‘செத்தால் என்ன, மறுபடி வரப்போகிறான்தானே’ என்ற அலுப்பு வருமே, அதை இந்த ஒரே விதி அடைத்துவிடுகிறது. ‘இரேஸ்ட்’ இதற்கு நேர்மாறு. 2006இலிருந்து 1988க்கு, ஐந்தாம் வகுப்புப் பையனாகத் திரும்பும் முதல் எபிசோட் அபாரம். அனிமேயில் அதைவிடப் பிடித்திழுக்கும் தொடக்கம் அதிகம் இல்லை. ஆனால் மூலக்கதையான மாங்காவை (ஜப்பானியப் படக்கதை) 12 எபிசோடுக்குள் அடக்கியதில் பின்பகுதி நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகிறது, குற்றவாளி யார் என்பதும் பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. உங்கள் மூன்று எபிசோட் விதிப்படி அதற்கு முழு மதிப்பெண், ஸ்டைன்ஸ் கேட்டுக்குப் பூஜ்யம்! அந்த விதி எவ்வளவு தூரம் நம்பக்கூடியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த விதியின் கணக்கிலேயே பிழை இருக்கிறது. ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு காலாண்டுக்கு 12, 13 எபிசோட். ஒரு காலாண்டுத் தொடரில் மூன்று எபிசோட் என்றால் கால் பங்கு. ஸ்டைன்ஸ் கேட் 2011 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரண்டு காலாண்டு ஓடிய 24 எபிசோட் தொடர். அதில் மூன்று என்பது எட்டில் ஒரு பங்கு. இதன் மூலக்கதை 2009இல் வந்த, பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே போகும் விஷுவல் நாவல் வகை விளையாட்டு. அந்த நிதானம் அனிமேயிலும் தங்கியிருக்கிறது. நேர்நடுவில், 12ஆவது எபிசோடின் இறுதியில் தொடர் திரும்புகிறது. என்ன நடக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் யாரிடமும் கேட்காதீர்கள். ஒகாபேயும் நண்பர்களும் அந்தச் சின்ன அறையில் வெட்டிப் பேச்சு பேசி, நூடுல்ஸ் சாப்பிட்டு, சண்டை போட்டுக் கழிக்கும் நேரம் நமக்குப் பழகாமல் போனால் அந்த 12ஆவது எபிசோட் வலிக்காது. மெதுவாகப் போவது அதற்காகத்தான்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்திலிருந்து எட்டு வரை தொடர் உண்மையிலேயே தொய்கிறது. தாருவின் ஆபாசப் பேச்சும், இன்னொரு நண்பன் ருகாவின் தோற்றத்தை வைத்துச் செய்யும் கேலியும் இன்று பார்க்கையில் சங்கடப்படுத்துகின்றன. இவற்றைச் சொல்லி நீங்கள் விட்டிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

இனி செய்ய வேண்டியது. ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கும் பழக்கம் இருந்தால் இதற்கு வேண்டாம். போன் திரை காட்டப்படும் போதெல்லாம் தேதியைப் படியுங்கள், சப்டைட்டிலில் விட்டுப்போனாலும் எண்கள் எண்களாகத்தான் இருக்கும். அறைக்குக் கீழே இருக்கும் பழைய டிவி கடையைச் சும்மா காட்டவில்லை. தோழி மயூரிக்காக ஒகாபே 100 யென் போட்டு எடுத்துத் தரும் உலோகப் பொம்மையும் அப்படியே. முதல் எபிசோடை இன்னொரு முறை பார்த்துவிட்டு நான்காவதுக்குப் போங்கள். 12 முடிந்த பிறகும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

ஒட்டிவிட்டால் வரிசை முக்கியம். 24 வரை நேராகப் பாருங்கள். அதன் பின் தனியாக வந்த 25ஆவது எபிசோட், பிறகு 2013இல் வந்த திரைப்படம். 2018இல் வந்த ‘ஸ்டைன்ஸ் கேட் ஜீரோ’வின் பெயரில் பூஜ்யம் இருப்பதால் அதுதான் முதல் பாகம் என்று நினைத்துப் பலர் அங்கே தொடங்கிக் கெடுத்துக்கொள்கிறார்கள். மூலத் தொடரின் கடைசிக் கட்டத்தில் கதை வேறு பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் ஜீரோ. அதற்கு முன் 2015 மறுஒளிபரப்பில் வந்த மாற்று 23ஆவது எபிசோடைப் பார்த்துவிட வேண்டும், அந்தத் திருப்பம் அதில்தான் இருக்கிறது.